உருவமும் உறவும்

கடல்நீரை ஒரு கை அள்ளிப் பார்த்தால் அதில் ஒன்றுமில்லை என்றே நம் கண் சொல்லும். ஆனால் மெல்லிய துணியாலான பை ஒன்றைப் படகின் பின்னே கட்டிச் சிறிது தூரம் இழுத்து, அதன் அடியில் தங்கியதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். நீரே உயிர் பெற்றுத் துடிப்பதுபோல் தோன்றும். 1832ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இளைஞர் சார்லஸ் டார்வின் பீகிள் கப்பலிலிருந்து இத்தகைய பை ஒன்றை இழுத்து, அதில் சிக்கிய உயிர்களைக் கண்டு வியந்தார். நீரோட்டத்தின் வழியே மிதந்து செல்லும் இவ்வுயிர்களுக்கு 1887இல் ஜெர்மானிய அறிஞர் விக்டர் ஹென்சன் பிளாங்க்டன் என்று பெயரிட்டார். அலைந்து திரிவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இவற்றுள் விலங்கினத்தைச் சேர்ந்தவற்றை மிதவை விலங்குகள் என்று அழைப்போம்.

நான் மாணவனாயிருந்த நாளில், இவற்றை நுண்ணோக்கியின்கீழ் வைத்து இனம் பிரிக்கும் வேலை எனக்கு அளிக்கப்பட்டது. ஊசிமுனையால் ஓரினத்தை வலப்புறமும் மற்றோரினத்தை இடப்புறமும் ஒதுக்கி எண்ணுவேன். ஒருநாள் காலையில் எண்ணிய அதே கிண்ணத்தை மாலையில் மறுபடியும் எண்ணினேன். இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை. கிண்ணத்திலிருந்த உயிர்கள் மாறவில்லை; என் தீர்ப்புத்தான் மாறிவிட்டது! உருவத்தைக் கொண்டு உறவைச் சொல்வது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்னும் ஐயம் அன்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த ஐயத்திற்கு இன்றைய விஞ்ஞானம் கூறும் விடையையே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கண் ஏன் ஏமாறுகிறது? நடுக்கடலில் ஒளிந்துகொள்ளப் புதரும் இல்லை, பாறையும் இல்லை. பகைவனின் பார்வைக்குத் தப்ப வேண்டுமாயின், உடலே கண்ணாடிபோல் இருப்பது நலம். ஆகவே ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல குலங்கள் ஒளி ஊடுருவும் உடலைத் தனித்தனியே பெற்றன. மற்றொரு பக்கம், நெடுங்காலத்திற்கு முன்பே பிரிந்துபோன இனங்கள் ஒரே வகை வாழ்க்கை நடத்துவதால் உருவம் மாறாமலே நின்றுவிட்டன. வாழ்க்கை முறை தந்த ஒற்றுமை எது, முன்னோர் தந்த ஒற்றுமை எது என்று புறத்தோற்றம் மட்டும் சொல்லாது.

இதற்கு வேறொரு சாட்சி வேண்டும். அச்சாட்சி ஒவ்வோர் உயிரின் உயிரணுவினுள்ளும் இருக்கிறது. டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் ஏ, டி, ஜி, சி என்று குறிக்கப்படும் நான்கு பொருள்கள் எழுத்துகளைப்போல் வரிசையாக அமைந்துள்ளன. அவ்வரிசையைப் படிக்கச் சிறந்த வழியொன்றை 1977இல் பிரெடரிக் சாங்கர் வகுத்தார். அதன் சிறு பகுதியைக் குழாயிலேயே கோடிக்கணக்காகப் பெருக்கும் வழியை 1983இல் காரி முல்லிஸ் கண்டார். அதன் பயனாக, அரிசிமணியினும் சிறிய உயிரிலிருந்தும் படிப்பதற்கு வேண்டிய அளவு டி.என்.ஏ. பெற முடிகிறது.

எழுத்துகளைப் படித்துவிட்டால் உறவு எப்படித் தெரியும்? நம் ஓலைச்சுவடிகளை நினைத்துப் பாருங்கள். ஹென்சன் பிளாங்க்டன் என்று பெயரிட்ட அதே 1887இல்தான் உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிச் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடு எழுதுவோர் படியெடுக்கும்போது எங்கேனும் ஓர் எழுத்துப் பிழைபடும். அந்த ஏட்டைப் பார்த்துப் பின்னால் எழுதப்படும் ஏடுகளிலெல்லாம் அதே பிழை தொடரும். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே வகையான பிழைகள் பல காணப்பட்டால், அவை இரண்டும் ஒரு தாய் ஏட்டிலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாமன்றோ? டி.என்.ஏ.வும் தலைமுறைதோறும் படியெடுக்கப்படுகிறது. அதில் நேரும் மாறுதல்களும் அவ்வாறே சந்ததிக்குச் செல்கின்றன. பல உயிர்களின் எழுத்து வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, பொதுவான மாறுதல்களைக் கொண்டு கிளைகளை வரைந்தால் ஒரு குலமரம் கிடைக்கிறது.

இனி இம்முறை கண்ட இரண்டு செய்திகளைக் கூறுவேன்.

முதலாவது, ஒன்றுபோல் தோன்றியவற்றைப் பிரித்த செய்தி. கடலில் மிகுதியாக வாழும் மிதவை விலங்குகள் கோப்பிபாடுகள். இறாலுக்கும் நண்டுக்கும் உறவான இவை துடுப்புப் போன்ற கால்களை உடையவை. வட அட்லாண்டிக்கில் வாழும் கலானஸ் பின்மார்க்கிக்கஸ் என்னும் இனத்தை 1770இலேயே நார்வே நாட்டுப் பாதிரியார் குன்னெரஸ் விவரித்தார். வடதுருவக் கடலில் வாழும் கலானஸ் கிளேசியாலிஸ் இதனின் வேறான இனமென்று 1955இல்தான் பிரிக்கப்பட்டது. இரண்டும் ஏறத்தாழ ஒரே தோற்றமுடையவை. துருவ இனம் சற்றுப் பெரிது என்பதால், உடலின் நீளத்தை அளந்தே ஆராய்ச்சியாளர்கள் இனம் பிரித்து வந்தனர். உணர்கொம்புகளின் சிவப்பு நிறமும் ஓர் அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

நார்வேயில் போடோ நகரிலுள்ள நோர்ட் பல்கலைக்கழகத்தினரும் அவர்களுடைய துணைவர்களும் 2017, 2018ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இவ்வழக்கத்தை அசைத்துவிட்டன. டி.என்.ஏ.வைக் கொண்டு இனத்தை முடிவு செய்து, பிறகு நீளத்தைப் பார்த்தபோது, இரண்டினத்தின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. நிறமும் எல்லா இடங்களிலும் கைகொடுக்கவில்லை. வடக்கே மட்டும் வாழ்வதாக எண்ணப்பட்ட துருவ இனம், நார்வேயின் தென்பகுதிக் கடற்கழிகளிலும் வாழ்ந்துகொண்டிருந்தது. சிறிய உடல் பெற்றிருந்த காரணத்தால் அதனை மற்ற இனமென்றே எண்ணி வந்தனர்.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். துருவ இனத்தின் உடலில் கொழுப்பு அதிகம். லிட்டில் ஆக் என்னும் சிறு கடற்பறவை தன் குஞ்சுக்கு இரை தேடும்போது இதனையே பெரிதும் நாடுகிறது. கடல் வெப்பமடைந்து வருவதால், தென்னினம் வடக்கே பரவி வடவினத்தின் இடத்தைக் கைப்பற்றுமோ என்பது இன்றைய பெரிய கேள்வி. இதற்கு விடை காணப் பல ஆண்டுக் கணக்குகளை ஒப்பிட வேண்டும். கணக்கில் எழுதிய பெயரே தவறானால், விடையும் தவறாகத்தானே இருக்கும்? என் கிண்ணத்தில் நேர்ந்த பிழை எனக்கு ஒரு மாலையைத்தான் வீணாக்கியது. ஒரு கடலின் கணக்கில் நேரும் பிழை அவ்வாறு எளிதில் தீர்வதன்று.

இரண்டாவது, யாரோடும் சேராததற்கு உறவினரைக் கண்ட செய்தி. சாகிட்டா என்னும் அம்புப்புழு கண்ணாடிபோன்ற உடலும், தலையின் இருபுறமும் கொக்கிகளும் உடையது. கோப்பிபாடுகளைப் பாய்ந்து பிடித்துத் தின்பது. 1844இல் இதைப்பற்றி எழுதிய டார்வின், இது எக்குலத்தைச் சேர்ந்ததென்று விளங்கவில்லை என்பதை எடுத்துக்காட்டினார். இதன் கரு வளரும் முறையைக் கண்ட பிற்கால அறிஞர் பலர், நட்சத்திர மீனும் முதுகெலும்புடைய விலங்குகளும் அடங்கிய பெருங்குலத்தின் அருகே இதனை வைத்தனர். 2004இல் உயிரணுவின் மைட்டோகாண்டிரியாவிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் படித்தபோது, நத்தை, மண்புழு, நண்டு ஆகியவை அடங்கிய மற்றொரு பெருங்குலத்தின் பக்கமே அது சுட்டியது.

எனினும் அக்குலத்துள் இதன் இடம் எது என்பது எளிதில் தெளியவில்லை. அம்புப்புழுவின் மரபணுக்கள் மிக விரைவாக மாறியவை. விரைவாக மாறிய இரண்டு வரிசைகளில் ஒரே எழுத்துத் தற்செயலாகவும் அமைந்துவிடும். உறவில்லாத இரண்டு ஏடுகளில் இரண்டு பேர் ஒரே பிழையைச் செய்வதைப் போன்றது அது. ஒரு மரபணுவை மட்டும் நம்பினால் இத்தகைய போலி உறவில் ஏமாறுவோம். ஆகவே மிகப் பல மரபணுக்களைச் சேர்த்து ஆராய்ந்தனர். 2019இல் வெளியான அவ்வாராய்ச்சி, ரோட்டிபர் முதலிய தாடையுடைய நுண்விலங்குகளின் கூட்டத்தோடு அம்புப்புழுவைச் சேர்த்தது. குளத்து நீரின் ஒரு துளியில் சுழன்று திரியும் ரோட்டிபரும், கடலில் வேட்டையாடும் அம்புப்புழுவும் உறவினர் என்று வெறுங்கண்ணால் பார்த்து யார் சொல்லியிருக்கக் கூடும்?

மாணவர்களே, இதனால் நுண்ணோக்கி பயனற்றதாகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். எழுத்து வரிசை தனியே ஒரு பெயரையும் சொல்லாது. இது இன்ன இனம் என்று தேர்ந்த கண்ணுடைய ஒருவர் முதலில் பெயர் சொல்லிப் பாதுகாத்த உடலோடு ஒப்பிட்டால்தான் அவ்வரிசைக்குப் பொருளுண்டு. கண் கண்டதை எழுத்துச் சோதிக்க வேண்டும். எழுத்துச் சொன்னதைக் கண் சோதிக்க வேண்டும். இரண்டும் மாறுபடும் இடத்தில்தான் புதிய அறிவு பிறக்கிறது. என் கணக்குகள் ஒத்துவராத அன்று நான் வெட்கப்பட்டேன். இன்று நினைத்துப் பார்த்தால், அன்று நான் கற்ற பாடங்களுள் அதுவே சிறந்தது என்று தோன்றுகிறது.