பை தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுபவர் யார் தெரியுமா?

2023 ஜனவரி 2, திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பஃபலோ பில்ஸ் அணிக்கும் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். பில்ஸ் அணியின் 24 வயது டாமர் ஹாம்லின் எதிரணி வீரரை மறித்துச் சாய்த்தார். எழுந்தார். ஓரிரு அடி வைத்தார். அப்படியே மல்லாந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது! லட்சக்கணக்கானோர் டிவியில் உறைந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருக்க, மைதானத்திலேயே மண்டியிட்டு அவர் மார்பை அழுத்தத் தொடங்கியவர் பெயர் டென்னி கெலிங்டன். ஹாம்லின் பிழைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி களத்திலும் இறங்கினார்!

கெலிங்டன் டாக்டரா? இல்லை. நர்ஸா? இல்லை. ஆம்புலன்ஸ்காரரா? அதுவும் இல்லை. அவர் அந்த அணியின் துணை அத்லெட்டிக் டிரெய்னர். வீரர் விழுந்தால் தோளில் பையோடு ஓடி வருவாரே, தண்ணீர் பாட்டில் நீட்டுவாரே, கணுக்காலில் டேப் சுற்றுவாரே, அவரேதான். ஜிம்மில் "இன்னும் ரெண்டு செட் போடுங்க சார்" என்று விரட்டுகிறவரோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990லேயே மருத்துவத் துணைத் தொழிலாக அங்கீகரித்த வேலை இது. நம் கிரிக்கெட்டில் ஓடி வரும் பிசியோ செய்வதில் பெரும்பகுதியை அங்கே செய்பவர் இவர்தான்.

ஹாம்லினுக்கு வந்தது என்ன தெரியுமா? கொமோஷியோ கார்டிஸ். இதயத் துடிப்பின் ஒரு சுற்றில், ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் கிடைக்கும் ஏறக்குறைய இருபது பங்கு நேரம்தான் ஆபத்தான நேரம். மார்பில் விழும் அடி மிகச் சரியாக அந்த இடைவெளியில் விழுந்தால், நோயே இல்லாத இதயம்கூடத் தாளம் தப்பி நின்றுபோகும். ஒரு துளி முன்னே விழுந்தாலும் பின்னே விழுந்தாலும் வெறும் வலியோடு போயிருக்கும்! முதலுதவி இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைப் பத்து சதவீதம் வரை அரித்துவிடும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருந்தால் கதை முடிந்தது. அந்த ஆண்டு ஜூலையில் பில்ஸ் அணியின் டிரெய்னர்கள் அத்தனை பேரையும் மேடையேற்றிச் சேவைக்கான பாட் டில்மன் விருது கொடுத்தார்கள். கொடுக்க வந்தவர் ஹாம்லின். பேச முடியாமல் குனிந்து அழுதார்.

அடுத்தது இன்னும் பெரிய ஆச்சரியம். வெயிலில் ஓடி, உடல் கொதித்து, சுயநினைவு தப்பி விழும் வீரரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக் கூடாது தெரியுமா? முதலில் அங்கேயே, மைதானத்திலேயே, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்க வேண்டும்! முதலில் குளிர்வி, பிறகு ஏற்றிச்செல் என்பதுதான் இந்தத் தொழிலில் மனப்பாடமான விதி. உள்சூடு 40.5 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சும் தடுமாறினால் அது வெப்பவாதம். அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கியாக வேண்டும். இல்லையென்றால் கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகக் கைவிடும். சூடு ஏறக்குறைய 39 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் ஆம்புலன்ஸ் கதவு திறக்க வேண்டும்.

சூட்டை எப்படி அளப்பது? நெற்றியில் காட்டும் கருவி, காதில் வைப்பது, வாயில் வைப்பது எதுவும் ஓடிக் களைத்த உடம்பில் நம்பகமான கணக்குத் தராது. ஆசனவாய் வழியாக அளப்பது ஒன்றே சரி. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் மைதானத்தில் இதைச் செய்ய வேண்டும்! கூச்சப்பட்டால் உயிர் போகும் என்பதைக் கல்லூரியிலேயே சொல்லிப் பழக்குகிறார்கள். தொட்டி இல்லாத இடத்தில் என்ன செய்வார்கள் தெரியுமா? தார்ப்பாய்! நாலைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடிக்க, நடுவில் வீரரைக் கிடத்தி, ஐஸும் தண்ணீரும் கொட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டுவார்கள். இந்த முறையின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் டாக்கோ என்று வருகிறது. ஆமாம், மெக்சிகோக்காரர்கள் மடித்துத் தின்பார்களே, அந்த டாக்கோதான்.

இதெல்லாம் பலிக்கிறதா என்கிறீர்களா? மாசசூசெட்ஸில் ஃபால்மவுத் என்ற ஊரில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஏழு மைல் ஓட்டப்பந்தயம் நடக்கும். 18 ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். வெப்பவாதம் வந்தவர்கள் 274 பேர். அத்தனை பேரையும் ஐஸ் தொட்டியில் போட்டார்கள். இறந்தவர்கள் ஒருவர்கூட இல்லை!

இந்தப் படிப்பினைக்குப் பின்னால் சாவுகளும் இருக்கின்றன. மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் கோரி ஸ்ட்ரிங்கர், 27 வயது, 2001 ஆகஸ்ட் 1 அன்று பயிற்சி முகாம் வெயிலில் வந்த வெப்பவாதத்தால் இறந்தார். ஆஸ்பத்திரியில் அளந்தபோது உடல்சூடு 42 டிகிரியைத் தாண்டியிருந்தது. 2018ல் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தின் 19 வயது ஜோர்டன் மெக்நேர். அவருக்கு உடல்சூட்டை அளக்கவும் இல்லை, குளிர்நீரில் இறக்கவும் இல்லை. பல்கலைக்கழகத் தலைவரே முன்வந்து, சட்டப்படியும் அறத்தின்படியும் பொறுப்பு எங்களுடையது என்று ஒத்துக்கொண்டார். அங்கே டிரெய்னர்கள் இருந்தார்கள் என்பதுதான் வயிற்றைப் பிசைகிறது. ஆள் இருந்தால் மட்டும் போதாது.

ஸ்ட்ரிங்கர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 2010ல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். அதை நடத்தும் டக்ளஸ் காசாவின் கதை தெரியுமா? 1985ல், 16 வயதில், பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் வெப்பவாதத்தில் சுருண்டு விழுந்த பையன் அவர்! அன்று ஓடி வந்து கவனித்தவர் கென்ட் ஸ்க்ரைபர் என்ற அத்லெட்டிக் டிரெய்னர். பிழைத்த பையன் என்ன ஆனான்? அத்லெட்டிக் டிரெய்னர் ஆனான். வெப்பவாத ஆய்வில் உலகமே திரும்பிப் பார்க்கும் பேராசிரியரும் ஆனான். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

வெயில் என்றதும் ஊறுகாய் ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள். 2000 செப்டம்பர் 3, டெக்சஸில் 43 டிகிரி வெயில். டல்லஸ் கவ்பாய்ஸை எதிர்த்து ஆட வந்த ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் வீரர்களுக்கு அவர்களுடைய தலைமை டிரெய்னர் ரிக் பர்க்ஹோல்டர் எதைக் குடிக்கக் கொடுத்தார் தெரியுமா? ஊறுகாய்த் தண்ணீர்! நம் மாங்காய், எலுமிச்சை ஊறுகாய் இல்லை. வெள்ளரிப் பிஞ்சை வினிகரிலும் உப்பிலும் ஊறப்போட்ட ஜாடியில் மிஞ்சும் தண்ணீர். ஈகிள்ஸ் 41க்கு 14 என்று நசுக்கி எடுத்தார்கள். அந்த ஆட்டத்துக்கே ஊறுகாய்த் தண்ணீர் ஆட்டம் என்று பெயர் நிலைத்துவிட்டது.

வெறும் நம்பிக்கைதானே என்று நானும் உதட்டைப் பிதுக்கியிருப்பேன். ஆனால் 2010ல் கெவின் மில்லர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஆட்களை வியர்க்க வைத்து, மின்சாரம் பாய்ச்சிக் கால் கட்டைவிரல் தசையை இழுத்துப் பிடிக்க வைத்து, சிலசமயம் தண்ணீர், சிலசமயம் ஊறுகாய்த் தண்ணீர். தண்ணீர் குடித்தபோது பிடிப்பு விட இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. ஊறுகாய்த் தண்ணீருக்கு ஒன்றரை நிமிடத்துக்குள்! அந்த நேரத்துக்குள் உப்பு வயிற்றைத் தாண்டி ரத்தத்தில் கலந்திருக்கவே முடியாது. அப்படியானால்? வினிகரின் புளிப்பு தொண்டை நரம்பைச் சுண்ட, அங்கிருந்து போகும் சமிக்ஞைதான் தசையை விடுவிக்கிறது என்பது அவர்கள் ஊகம்.

டிரெய்னர் தோளில் தொங்கும் அந்தப் பைக்குள் ஸ்க்ரூடிரைவர் இருக்கும் தெரியுமா? அதுவும் பேட்டரியில் சுழலும் ஸ்க்ரூடிரைவர்! அமெரிக்கக் கால்பந்து வீரருக்குக் கழுத்தெலும்பில் அடிபட்ட சந்தேகம் இருந்தால், அவசரத்தில் ஹெல்மெட்டை வெடுக்கென்று உருவக் கூடாது. முகத்துக்கு முன்னால் உள்ள கம்பி வலையை மட்டும் கழற்றினால் மூச்சுவழி கிடைத்துவிடும். அதற்குத்தான் இது.

கணுக்காலில் சுற்றும் டேப் சங்கதி தெரியுமா? எட்டு போட்டுச் சுற்றுவது, குதிகாலைப் பூட்டுவது என்று மாணவர்கள் கை கன்றிப்போகப் பழகுவார்கள். 1962லேயே ஓர் ஆய்வு, பத்து நிமிட உடற்பயிற்சிக்குள் டேப் தன் தாங்குதிறனில் 40 சதவீதத்தை இழந்துவிடுகிறது என்று காட்டிவிட்டது. இன்றும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள்! அடிபட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்திவை என்று உலகமே ஒப்பிக்கும் நாலு வார்த்தை மந்திரம் இருக்கிறதே, அதை 1978ல் எழுதியவர் கேப் மிர்கின் என்ற டாக்டர். அவரே 2014ல், ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்வாங்கினார். எத்தனை மைதானங்களில் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லையோ!

மேலே, அரங்கத்தின் உயர்ந்த அறையில் உட்கார்ந்துகொண்டே ஆட்டத்தை நிறுத்தும் டிரெய்னரும் உண்டு. தலையில் அடிபட்டுத் தள்ளாடும் வீரரைக் கண்டுபிடிக்க அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் 2011 இறுதியில் இப்படி ஒருவரை மேலே உட்கார வைத்தது. 2015ல் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஜூலியன் எடல்மன் என்ற வீரர் பலத்த அடி வாங்கியும் தொடர்ந்து ஆடினார். ஊர் கொந்தளித்தது. அடுத்த மாதமே, மேலிருப்பவர் நடுவரோடு பேசி ஆட்டத்தை நிறுத்தலாம் என்று விதி வந்துவிட்டது. கோடிகள் புரளும் ஆட்டம், ஒரு டிரெய்னர் சொல்லில் நிற்கிறது!

இந்த டிரெய்னர்களின் சங்கத்துக்குத் தொட்டில் ஒரு தைலக் கம்பெனி தெரியுமா? கான்சஸில் கார்ட்னர் என்ற சின்ன ஊர். சக் கிராமர் என்பவருக்குக் கால் சுளுக்கு. தானே ஒரு தைலம் கலந்து தேய்த்தார். அது 1918ல் தொழிலாகவே ஆனது. அவரும் சகோதரர் ஃபிராங்கும் சேர்ந்து வளர்த்த கம்பெனியின் ஆதரவோடுதான் 1950ல் கான்சஸ் சிட்டியில் தேசிய அத்லெட்டிக் டிரெய்னர்கள் சங்கம் பிறந்தது. அதில் முதல் பெண் உறுப்பினர் 1966ல்தான் சேர முடிந்தது. இன்றோ உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள்! என்எஃப்எல்லின் முதல் முழுநேரப் பெண் டிரெய்னர் அமெரிக்காவில் பிறந்தவரே இல்லை. டோக்கியோவிலிருந்து படிக்கப் போன அரிகோ இசோ, 2002ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் சேர்ந்தார்.

மைதானம் மட்டும்தான் வேலையிடம் என்று நினைத்தீர்களா? நியூயார்க்கில் கால் தூக்கி ஆடும் ரேடியோ சிட்டி ராக்கெட்ஸ் நடனக்குழுவுக்கு டிரெய்னர் உண்டு. அமெரிக்க மரைன் படைக்கு உண்டு. அமேசான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களின் முதுகைப் பார்க்கவும் உண்டு. ஹூஸ்டனில் விண்வெளி வீரர்களைத் தேற்றும் குழுவிலும் இந்தப் படிப்புக்காரர்கள் இருக்கிறார்கள்!

இந்த வேலையில் எப்படிச் சேருவது? முன்பு இளநிலைப் பட்டமே போதும். 2015ல் முடிவெடுத்து, 2022க்குப் பிறகு புதிதாக நுழைய முதுநிலைப் பட்டம் கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியங்கியல் இத்தனையும் முன்பே படித்திருக்க வேண்டும். பிறகு பெரும்பாலும் இரண்டு ஆண்டு. அதில் குறைந்தது நாலு வாரம் வகுப்பே கிடையாது, முழுநேரமும் களத்தில்தான். முடித்ததும் நாலு மணி நேரத்தில் 175 கேள்வித் தேர்வு. தேறினால் மாநில லைசென்ஸ். அதோடு விடுவார்களா? இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 50 அலகு தொடர்கல்வி காட்ட வேண்டும். நம் ஊரில் பிசியோதெரபி முடித்தவர்கள் கவனிக்க: அந்தப் பட்டத்தை மட்டும் காட்டி இந்தத் தேர்வை எழுதிவிட முடியாது. அங்கீகாரம் பெற்ற படிப்பை அங்கே போய்ப் படித்தாக வேண்டும்.

இத்தனைக்கும் சம்பளம்? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 கணக்கில் நடுநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 57,930 டாலர். பிசியோதெரபிஸ்ட்டுக்கு அதே கணக்கில் 99,710! அவர்கள் முனைவர் நிலைப் பட்டம் படிக்கிறார்கள் என்பது உண்மை. இருந்தாலும் வெள்ளி இரவு, சனி பகல் என்று வாரக் கடைசி முழுக்க மைதானத்தில் கழிக்கும் வேலைக்கு இது குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது. கடன் வாங்கி முதுநிலை படிக்க நினைப்பவர்கள் கல்விக் கட்டணத்தையும் இந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளிகளிலேயே ஏறக்குறைய முப்பது சதவீதப் பள்ளிகளுக்கு டிரெய்னர் சேவை எட்டவில்லை என்றது 2015ல் வெளியான ஆய்வு. ஆள் தேவை இருக்கிறது. காசு ஒதுக்கத்தான் மனம் வரவில்லை.

கடைசியாக ஒன்று. டெக்சஸ் மாநிலம் 1971லேயே இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன, ஒன்றைத் தவிர. எது தெரியுமா? கலிஃபோர்னியா! 2023 முடிந்தபோதும் அங்கே சட்டம் இல்லை. படிக்காதவர்கூட அத்லெட்டிக் டிரெய்னர் என்று அட்டை அச்சடித்துக்கொண்டால் தடுக்க வழியில்லாத நிலை. 2028 ஒலிம்பிக்ஸ் நடக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதையும் நான் சொல்ல வேண்டுமா என்ன?