வானில் ஒரு பழுது – 14: நான்காவது எச்சரிக்கை

2014 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. சுரபாயாவிலிருந்து 162 பேருடன் அதிகாலையில் சிங்கப்பூருக்குக் கிளம்பிய ஏர் ஏசியா கியூஇசட் 8501 ஜாவா கடலில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த வழியில் இடிமேகங்கள் திரண்டிருந்ததால் வானிலையைத்தான் எல்லோரும் பழித்தார்கள். ஓராண்டு கழித்து இந்தோனேசிய விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. பழுதின் வேர், விமானத்தின் வாலில் இருந்த ஒரு மின்னணுப் பலகையில், ஒரு சால்டரிங் இணைப்பில் விழுந்த விரிசல்.

வேகமாகப் பறக்கும்போது வால் சுக்கான் அளவுக்கு மீறித் திரும்பாமல் தடுக்கும் சாதனத்தின் பலகை அது. அந்தச் சாதனம் செயலிழந்தாலும் விமானம் பத்திரமாகப் பறக்கும். அதனாலேயே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலே கடுங்குளிர், தரையில் வெயில் என்று மாறி மாறிப் பட்டதில் விரிசல் வளர்ந்தது. பழுது வரும், போகும். தரையில் ரீசெட் செய்து சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும், பதிவேட்டில் கையெழுத்து விழும், விமானம் கிளம்பும். அந்த 2014-இல் மட்டும் இப்படி 23 முறை. கடைசி மூன்று மாதங்களில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் அதைத் தனிப் பழுதாகவே பார்த்தார்கள். இருபத்து மூன்றும் ஒரே பழுது என்று பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. என் மனம் ஆறாத இடம் இதுதான்.

டிசம்பர் 25 அன்று இதே விமானத்தில், இதே கேப்டன் முன்னால், இதே எச்சரிக்கை. பொறியாளர் வந்து, அந்தச் சாதனத்தை இயக்கும் கணினியின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டு மறுபடி அழுத்தினார். எச்சரிக்கை மறைந்தது. 'நானும் இப்படிச் செய்யலாமா?' என்று கேப்டன் கேட்டிருக்கிறார். திரையில் அப்படிச் செய்யச் சொன்னால் செய்யலாம் என்பது பதில்.

மூன்று நாள் கழித்து, நடுவானில் கால் மணி நேரத்துக்குள் நான்கு முறை எச்சரிக்கை ஒலித்தது. முதல் மூன்று முறையும் திரை சொன்னபடி கணினிகளின் பொத்தானை அணைத்துப் போட்டார்கள். நான்காவது முறைக்குப் பிறகு கறுப்புப் பெட்டியில் பதிவானது வேறு. 25-ஆம் தேதி பிரேக்கரை இழுத்தபோது விழுந்த பதிவின் அச்சு அது. திரை அதைச் செய்யச் சொல்லவில்லை.

தரையில் அது வெறும் ரீசெட். பறக்கும்போது ஆட்டோ பைலட்டும் எஞ்சின்களின் தானியங்கிக் கட்டுப்பாடும் ஒருசேர விலகிவிடும். பாதுகாப்பு வரம்புகள் போய்விடும். சுக்கான் இரண்டு டிகிரி இடப்பக்கம் சாய்ந்தது. ஒன்பது விநாடி யாருடைய கையும் கட்டுப்பாட்டுக் குச்சியில் இல்லை. அதற்குள் விமானம் 54 டிகிரி சரிந்துவிட்டது. துணை விமானி குச்சியைப் பின்னுக்கு இழுக்க, 32,000 அடியில் இருந்த விமானம் 38,000 அடிக்கும் மேலே செங்குத்தாக ஏறி, வேகம் இழந்து விழுந்தது.

கேப்டன் மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை. இருபத்து மூன்று முறை பதிவேட்டில் ஏறிய பழுதை நான்காவது எச்சரிக்கையின் எரிச்சலோடு அவர் கையில் விட்டது தரையில் இருந்த அமைப்பு. திரும்பத் திரும்ப வரும் பழுதுகளைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு விமான நிறுவனங்களிடம் இருப்பதை உறுதிசெய்யும்படி விசாரணைக் குழு இந்தோனேசிய விமானப் போக்குவரத்துத் துறைக்குப் பரிந்துரைத்தது.

நான்கே ஆண்டுகளில் ஜாவா கடலில் இன்னொரு விமானம் விழுந்தது: லயன் ஏர் 610. முந்தின இரவு அதை ஓட்டிவந்த விமானி பதிவேட்டில் எழுதாமல் விட்டது என்ன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.