ஹெச்பிவி பாசிட்டிவா? அவசரப்பட்டு கர்ப்பப்பையை எடுக்காதீர்கள்

இருபத்து நாலு வயதுப் பெண். மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் 'ஹெச்பிவி பாசிட்டிவ்' என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் அன்று ராத்திரி தூக்கம் போச்சு. கேன்சரோ என்று ஒரு பயம். யாரிடமிருந்து வந்தது என்று ஒரு சந்தேகம். பெரும்பாலும் இரண்டுமே வீண்.

ஹெச்பிவி என்பது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். இது பலருக்கும் உடலுறவு தொடங்கிய முதல் சில ஆண்டுகளிலேயே தொற்றிவிடுகிறது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 608 மாணவிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்தார்கள். 1998இல் வெளியான முடிவுப்படி, மூன்றே ஆண்டுகளில் 43 சதவீதம் பேருக்குப் புதிதாகத் தொற்று. ஆனால் அந்தத் தொற்றுகளில் பாதி எட்டு மாதத்துக்குள் தானாகவே மறைந்துவிட்டன. இரண்டு ஆண்டுகளில் பத்துக்கு ஒன்பதை உடம்பே விரட்டிவிடும். பெரும்பாலும் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

போகாமல் தங்கும் அந்த ஒன்றுதான் கவலைக்குரியது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு ஹெச்பிவியின் 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். அதுவும் புற்றாக மாற 15 முதல் 20 ஆண்டு ஆகும். ஹெச்ஐவி உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பரிசோதனையை 30 வயதிலும், ஹெச்ஐவி உள்ளவர்களுக்கு 25இலும் தொடங்கச் சொல்கிறது. இருபத்து நாலு வயதுக்காரியின் பேக்கேஜில் இதைச் சேர்ப்பதால் லாபம், என்னைக் கேட்டால், லேபுக்குத்தான். ஆனால் உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் இல்லாத நாளில் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் எந்த வயதிலும் டாக்டரைப் பாருங்கள்.

வைரஸ் பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து பிறகு தலைகாட்டக்கூடும். ஆகவே எப்போது, யாரிடமிருந்து என்று எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. அதை வைத்து மனைவியையோ கணவனையோ கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

வைரஸை அழிக்க மாத்திரை கிடையாது. செல்களில் மாற்றம் தெரிந்தால் கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) செய்து, அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ சூடுவைத்தோ நீக்கலாம். பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக 'கர்ப்பப்பையை எடுத்துடலாம்' என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். வேறொரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் அமல்படுத்தும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உங்கள் சம்மதமில்லாமல் மாமியாரிடம் ரிசல்ட்டைச் சொல்ல டாக்டருக்கு உரிமையில்லை. மீறினால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். இழப்பீடு கேட்டு இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

தடுப்பூசி வந்த தொற்றைப் போக்காது, வரும் முன் தடுக்கும். 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. ஒரு ஊசியே போதுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்ததில் நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கைக்கும் ஒரு பங்குண்டு. இந்தியாவில் பல இடங்களில் நடந்த ஹெச்பிவி தடுப்பூசி ஆய்வில் அதுவும் ஓர் இடம். அன்றைய ஆந்திராவின் கம்மத்தில் நடந்த வேறொரு ஹெச்பிவி தடுப்பூசித் திட்டத்தில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டது சர்ச்சையாகி, 2010இல் இந்த ஆய்விலும் ஊசி போடுவது நின்றது. ஒரே ஊசியோடு நின்றுபோன சிறுமிகளைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது, 16, 18 வகைகள் நிலைத்துத் தங்குவதை அந்த ஒன்றே சுமார் 95 சதவீதம் தடுத்திருந்தது. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக ஊசி போடும் திட்டத்தைத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் மகள் பள்ளியில் கேளுங்கள்; ஒப்புதல் படிவத்தைப் படித்து நீங்களே கையெழுத்திடுங்கள். உங்களுக்கு 30 தாண்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசம்.