வேலிக்கு அப்பால் நின்ற மனிதர்கள்
மனிதனை மனிதன் காட்சிப்பொருளாக்கிய வரலாறு

பௌர்ணமி இரவுகளில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். அங்கே காண்போர், காணப்படுவோர் என்ற பிரிவு இல்லை. நடக்கும் ஒவ்வொருவரும் பிறரைக் காண்கிறார்; பிறரால் காணவும்படுகிறார். ஆனால் அதே மாவட்டத்தின் சமவெளியில் வாழும் இருளர்களும், ஜவ்வாது மலையில் தமிழ் பேசி வாழும் மலையாளிப் பழங்குடியினரும் வேறொரு பார்வையை அறிந்தவர்கள். அவர்களையொத்த மக்களைப் பிறர் கண்டனர், அளந்தனர், படமெடுத்தனர், பட்டியலிட்டனர். திருப்பிக் காணும் உரிமை மட்டும் அவர்களுக்குத் தரப்படவில்லை.

1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் குறித்து 1909இல் ஏழு தொகுதிகளை வெளியிட்டவர். தலையின் அகலம், மூக்கின் நீளம், உடலின் உயரம் ஆகியவற்றை அளந்து மனிதரை வகைப்படுத்தலாம் என நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். தம் முன்னுரையில் அவர் வேடிக்கையாக இரு செய்திகளைக் குறிப்பிடுகிறார். வயநாட்டுப் பணியர் குலப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டனராம். தம்முள் சிறந்தவர்களைப் பிடித்துப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார் என அவர்கள் அஞ்சினராம். நீலகிரி இருளர் ஒருவரோ, பழைய சிறு குற்றமொன்றுக்காகக் காவல்துறையால் தேடப்பட்டவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி அதனருகே நிற்க மறுத்துவிட்டாராம்.

தர்ஸ்டனுக்கு இவை அறியாமையின் சான்றுகள். அக்காலத்து உலகில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அறிந்தபின் நமக்கு அவ்வாறு சிரிக்க இயலவில்லை. ஏனெனில், அப்பெண்கள் அஞ்சியது ஏற்கெனவே ஒருவருக்கு நிகழ்ந்திருந்தது.

தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் இனத்தவரான சாரா பார்ட்மன் 1810இல் கேப் டவுனிலிருந்து இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். கட்டணம் செலுத்தியவர்கள் அவருடைய உடலமைப்பை வேடிக்கை பார்த்தனர். 1815இன் இறுதியில் பாரிஸில் அவர் இறந்தபோது, புகழ்பெற்ற விலங்கியல் அறிஞர் குவியே அவருடைய உடலை அறுத்து ஆராய்ந்தார். எலும்புக்கூடும் உடலின் வார்ப்பும் 1970கள் வரை பாரிஸ் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன. 2002ஆம் ஆண்டில்தான் அவருடைய எச்சங்கள் தாயகம் திரும்பி அடக்கம் செய்யப்பட்டன. இறந்து 187 ஆண்டுகள் கழித்து ஒரு பெண்ணுக்குக் கல்லறை கிடைத்தது.

தனியொருவரைக் காட்டும் வழக்கத்தைப் பெருந்தொழிலாக மாற்றியவர் ஹாம்பர்க் நகர விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக். 1870களின் நடுவில் விலங்கு வணிகம் தொய்வுற்றபோது, வடதுருவப் பகுதியின் சாமி இனக் குடும்பங்களை அவர்களுடைய கலைமான்களோடு வரவழைத்து மக்களுக்குக் காட்டினார். கூட்டம் திரண்டது. பின்னர் சூடானின் நூபியர், லாப்ரடாரின் இனுயிட் மக்கள், இலங்கையர் எனக் குழுக்கள் தொடர்ந்து வந்தன. இலங்கையிலிருந்து யானைகளும் மனிதரும் ஒரே காட்சிக்காகக் கப்பலேறினர். பாரிஸ் நகரின் ழார்தென் தக்ளிமத்தாசியோன் என்னும் விலங்குப் பூங்காவும் 1877 முதல் இவ்வழியைப் பின்பற்றியது. அவ்வாண்டில் அதன் பார்வையாளர் தொகை இருமடங்காகிப் பத்து இலட்சத்தை எட்டியது.

இக்காட்சிகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. போலிக் குடிசைகள், சமையல், நடனம், சண்டை ஆகியவற்றுக்கு நேர அட்டவணை, விற்பனைக்கு அஞ்சலட்டைகள், இவை அனைத்தையும் சுற்றி ஒரு வேலி. பொதுமக்கள் பார்ப்பதற்கு முன்போ பின்போ அறிஞர்கள் வந்து தலையையும் மூக்கையும் அளந்தனர். பெர்லினில் விர்ஷோ போன்ற மருத்துவ மேதைகளே அப்பணியில் ஈடுபட்டனர். அறிஞருக்கு ஆராய உடல்கள் கிடைத்தன. காட்சி நடத்தியவருக்கோ, 'இவர்கள் உண்மையான பழங்குடியினர்' என்னும் அறிவியல் சான்று கிடைத்தது. வேடிக்கையும் அறிவியலும் ஒன்றுக்கொன்று துணை நின்றன. குடியேற்ற அரசுகளுக்கும் இதில் ஆதாயம் இருந்தது. வேலிக்கு அப்பால் நிற்பவர் பின்தங்கியவர் என்று கண்ணால் கண்டவர்க்கு, அவர் நாட்டை ஆள்வது கடமையாகவே தோன்றும்.

நம் நிலத்து மக்களும் இவ்வலையில் சிக்கினர். அமெரிக்க சர்க்கஸ் உரிமையாளர் பி.டி. பார்னம் 1882இல் பல நாடுகளுக்கும் கடிதம் எழுதி, அரிய இனத்தவரைத் தமக்கு அனுப்புமாறு வேண்டினார். 1884இல் அவர் நடத்திய 'இனங்களின் பேரவை' என்னும் காட்சியில் ஆஸ்திரேலியப் பழங்குடியினர், ஆப்பிரிக்க ஸூலுக்கள் ஆகியோரோடு நீலகிரித் தோதவர் என்ற பெயரிலும் ஒரு குழு நிறுத்தப்பட்டது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 800 பேரே இருந்த சிறு சமூகம் அது. எருமைகளையும் கோயிற் பால்மனைகளையும் மையமாகக் கொண்ட அவர்களுடைய நுட்பமான வழிபாட்டு வாழ்வில் எதுவும் சர்க்கஸ் கூடாரத்திற்குள் அடங்காது. அங்கே அடங்கியது தோற்றம் மட்டுமே.

பார்னமின் காட்சிகளில் இடம்பெற்ற ஆஸ்திரேலியர்களுள் ஒருவரான தம்போ 1884இல் கிளீவ்லாந்தில் இறந்தார். அவருடைய உடலும் பதப்படுத்தப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1993இல்தான் கண்டறியப்பட்டுத் தாயகத்திற்கு அனுப்பப்பட்டது. ஹாகன்பெக் காட்சிக்காக 1880இல் வந்த லாப்ரடார் இனுயிட்கள் எண்மர். அவர்களுக்கு அம்மைத் தடுப்பூசி போடப்படவில்லை. 1881 ஜனவரிக்குள் எண்மரும் மாண்டனர். அவர்களுள் ஆபிரகாம் என்பவர் எழுத்தறிவுடையவர். தம் மொழியில் நாட்குறிப்பு எழுதினார். வேலியைத் தாண்டி நெருக்கிய கூட்டத்தை விரட்டச் சாட்டையும் வேட்டை ஈட்டியும் எடுக்க நேர்ந்ததை அதில் பதிந்துள்ளார். காட்டுமனிதனைக் காண வந்த கூட்டம், கையில் ஈட்டியேந்திய மனிதரைக் கண்டது. அவர் அன்றிரவு நாட்குறிப்பு எழுதுவார் என்பதை அக்கூட்டம் அறியாது.

முஸ்லிம் உலகும் இப்பார்வைக்குத் தப்பவில்லை. 1889ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் 'கெய்ரோ வீதி' ஒன்று அமைக்கப்பட்டது. பழமை தோன்றும்படி சுவர்களில் அழுக்குச் சாயம்கூடப் பூசப்பட்டது. ஸ்டாக்ஹோம் கீழைத்தேயவியல் மாநாட்டிற்குச் செல்லும் வழியில் அதைக் காண வந்த எகிப்திய அறிஞர்கள், பள்ளிவாசலைப் போன்ற முகப்பைக் கண்டு உள்ளே நுழைந்தனர். உள்ளே இருந்தது காப்பிக் கடை. அதில் நடனமும் நடந்துகொண்டிருந்தது. தம் நகரமே முகப்பாகவும் தம் வணக்கத்தலம் கேளிக்கைக்கூடமாகவும் மாற்றப்பட்டதைக் கண்டு அவர்கள் வெட்கித் திரும்பினர். 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பைன் மக்கள் காட்டப்பட்டபோது, மோரோ முஸ்லிம்கள் 'பாதி நாகரிகம் பெற்றவர்' என்னும் வரிசையில் வைக்கப்பட்டனர். அதே காலத்தில் அமெரிக்கப் படை அவர்களுடைய தீவுகளில் அவர்களோடு போரிட்டுக்கொண்டிருந்தது. அக்கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்ட காங்கோ நாட்டு ஒட்டா பெங்கா, 1906இல் நியூயார்க் விலங்குப் பூங்காவின் குரங்குக் கூண்டில் காட்டப்பட்டார்; 1916இல் தற்கொலை செய்துகொண்டார். அப்பூங்காவின் நிர்வாகம் மன்னிப்புக் கோரியது 2020இல்.

காட்டப்பட்டவர் அனைவரும் கைதிகள் அல்லர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒப்பந்தம் செய்து ஊதியம் பெற்றவர் உண்டு. ஊர் திரும்பிப் பயணக்கதை சொன்னவர் உண்டு. ஆனால் காட்சியின் பொருளை அவர்கள் வகுக்கவில்லை. தம்மைப் பற்றி வேலியில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதைப் பலரால் வாசிக்கவும் இயலவில்லை.

இவ்வழக்கம் 1958இல் பிரசெல்ஸ் கண்காட்சியின் 'காங்கோ கிராமத்தோடு' முடிந்துவிட்டதெனப் பலர் எழுதுவர். வாழைப்பழங்களை வீசி ஏளனம் செய்த பார்வையாளர்களைச் சகியாமல் காங்கோ மக்கள் அங்கிருந்து வெளியேறினர். ஆயினும் நம் நாட்டு வரலாறு அங்கே முடியவில்லை.

1858இன் தொடக்கத்தில், அந்தமானை ஆராயச் சென்ற மௌவாட் குழுவினர் தீவுவாசி ஒருவரைப் பிடித்து, 'ஜாக்' எனப் பெயரிட்டுக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தனர். அவரைக் காண மக்கள் மொய்த்தனர். நோயுற்ற பின் அவரைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டனர். அவ்வாண்டிலேயே போர்ட் பிளேரில் கைதிகளின் குடியிருப்பு நிறுவப்பட்டது. பேரந்தமானியர் என்று இன்று அழைக்கப்படும் அம்மக்கள் நோய்களாலும் மோதல்களாலும் அருகி, 1901இல் 625 பேராகவும் 1961இல் 19 பேராகவும் குறைந்தனர்.

அவர்களுடைய அண்டை இனத்தவரான ஜாரவாக்கள் 1990களின் இறுதி வரை வெளியுலகத்தோடு பெரும்பாலும் உறவின்றி வாழ்ந்தவர்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 380 பேர். அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட காட்டின் ஊடே அந்தமான் பெருவழிச்சாலை செல்கிறது. 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அச்சாலையின் அப்பகுதிகளை மூடுமாறு ஆணையிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் சாலை மூடப்படவில்லை. காவலரின் பாதுகாப்போடு வாகனங்கள் அணிவகுத்துச் செல்கின்றன. 2012 ஜனவரியில் ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச் சொல்லும் படக்காட்சியொன்று பிரித்தானிய நாளிதழின் வழியே வெளியானபோது நாடு அதிர்ந்தது. அவ்வாண்டிலேயே பழங்குடிப் பாதுகாப்பு விதிகளில் தண்டனை கடுமையாக்கப்பட்டது. எனினும் வேலி இடம் மாறியதேயன்றி அகலவில்லை. அன்று பார்வையாளர் வெளியே நின்றார். இன்று கண்ணாடி ஏற்றிய வாகனத்திற்குள் அமர்ந்திருக்கிறார்.

பிற மக்களைக் காண விரும்புவது குற்றமன்று. மனிதரின் அறிவு வளர்ந்ததே பயணத்தாலும் சந்திப்பாலும்தான். காண்பதும் காட்சிப்படுத்துவதும் எங்கே பிரிகின்றன என்பதே கேள்வி. காணப்படுபவருக்கு மறுக்கும் உரிமை இருக்கிறதா? தம்மைப் பற்றித் தாமே பேசுகிறாரா? வருவாயில் அவருக்குப் பங்குண்டா? நம்மை அவர் திருப்பிப் பார்க்கவும் வினவவும் இயலுமா? ஜவ்வாது மலைக்குச் சுற்றுலா செல்வோரும், விழா மேடைகளில் 'பழங்குடியினர் நடனம்' கண்டு கைதட்டுவோரும் இக்கேள்விகளைத் தம்மிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தர்ஸ்டனின் அளவுகோலைக் கண்டு மறுத்த இருளரின் பெயரை நூல் பதிவு செய்யவில்லை. அவருடைய மறுப்பு மட்டும் அதில் பதிவாகியிருக்கிறது. அக்கம்பம் தூக்குமரம் அன்று, அது உண்மைதான். ஆயினும் தம்மை அங்கே நிறுத்துவோர் தம்மைப் பற்றிய தீர்ப்பை முன்னரே எழுதிவிட்டனர் என்பதை அவர் சரியாகவே உணர்ந்திருந்தார்.