படவில்லைகள் துள்ளாமல் நகர...

பேரவை நிகழ்ச்சிகளில் படவில்லை தயாரிக்கும் பொறுப்பு யார் தலையில் விழும் என்பது உங்களுக்குத் தெரியும். செயலவைக் கூட்டத்தில் "எனக்குக் கொஞ்சம் பவர்பாயிண்ட் வரும்" என்று வாய்தவறிச் சொன்னவர் தலையில்தான். முதலாம் ஆண்டில் நான் அப்படிச் சொல்லிவிட்டேன். படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் தம்பி தங்கைகள் கோப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "அண்ணே, படம் டக்கு டக்குன்னு குதிக்குது, கொஞ்சம் ஸ்மூத்தா பண்ணிக் கொடுங்க" என்பதுதான் பெரும்பாலும் வேண்டுகோள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இந்த ஆண்டு மலரில் எழுதி வைக்கிறேன். கூடவே நானே செய்த ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும்.

முதலில், படம் குதிப்பதால் என்ன கெட்டுவிடுகிறது? ஒரு படவில்லையில் இடப்பக்கம் இருந்த படம் அடுத்த படவில்லையில் சிறிதாகி வலப்பக்கம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவரின் கண் உடனே அதைத் தேடுகிறது. "இது அதே படமா, வேறா?" என்று மனம் கேட்டுக்கொள்கிறது. அந்த ஓரிரு நொடிகளில் பேச்சாளர் சொல்வது எதுவும் காதில் ஏறுவதில்லை. படம் இடத்திலிருந்து இடத்துக்கு நகர்ந்து போவது தெரிந்தால் தேட வேண்டிய வேலையே இல்லை. அசைவூட்டம் பயன்படுவது இதற்குத்தான், அழகெல்லாம் பிறகு.

ஒரு காலத்தில் நாம் இதை வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தோம். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து அமரும், ஒவ்வொன்றுக்கும் தட்டச்சுப் பொறியின் சத்தம் கேட்கும், கடைசிப் படவில்லையில் கைதட்டல் ஒலியும் நாமே வைத்துவிடுவோம். அவையோர் தட்டாவிட்டாலும் கணினி தட்டும்!

1987இல் மெக்கிண்டாஷ் கணினிக்காக வெளிவந்த பவர்பாயிண்ட், ஒரு பொருளை வரைந்த பாதையில் நகர்த்தும் வசதியைப் பெற்றது 2002 பதிப்பில்தான். 2009இல் ஆப்பிளின் கீநோட், இரண்டு படவில்லைகளை ஒப்பிட்டு இடையிலுள்ள நகர்வைத் தானே உருவாக்கும் 'மேஜிக் மூவ்' வசதியைக் கொண்டுவந்தது. பவர்பாயிண்டில் அதே வேலையைச் செய்யும் 'மார்ஃப்' 2015இன் இறுதியில் சந்தாதாரர்களுக்குக் கிடைத்தது. 2019 பதிப்பிலும் அது உண்டு.

மார்ஃப் செய்வது எளிது. முதல் படவில்லையை முழுமையாக அமைத்துவிடுங்கள். பிறகு அதைப் படியெடுங்கள். கண்ட்ரோல் விசையோடு டி அழுத்தினால் போதும். படியில் உள்ள பொருள்களை வேண்டிய இடத்துக்கு இழுத்து, அளவையோ நிறத்தையோ மாற்றுங்கள். இந்த இரண்டாம் படவில்லையில் நின்றுகொண்டு, டிரான்சிஷன்ஸ் பட்டியலில் மார்ஃபைத் தேர்ந்தெடுங்கள். பலர் முதல் படவில்லைக்குக் கொடுத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்பார்கள். மாற்றம் என்பது வந்துசேரும் படவில்லைக்கு உரியது.

புதிதாக வரைந்து ஒட்டாமல் படியெடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்றே" என்று மென்பொருள் அடையாளம் கண்டால்தான் நகர்வு பிறக்கும். அடையாளம் காணாவிட்டால் பழையது மங்கி மறையும், புதியது மங்கலிலிருந்து தோன்றும். வடிவமே வேறாக இருக்கும் இரண்டு பொருள்களை ஒன்றாகக் கருதச் செய்யவும் வழியுண்டு. ஆல்ட் விசையோடு எஃப்10 அழுத்தினால் படவில்லையில் உள்ள பொருள்களின் பெயர்ப்பட்டியல் திறக்கும். இரண்டு படவில்லைகளிலும் அந்தப் பொருளுக்கு இரண்டு ஆச்சரியக்குறியில் தொடங்கும் ஒரே பெயரைக் கொடுங்கள். '!!எழுத்து' என்று இரண்டிலும் இருந்தால், வட்டத்தைக்கூடச் சதுரமாக வளைத்துவிடும். இந்த ஆச்சரியக்குறிகள்தாம் பின்னர் என்னை மாட்டிவிட்டன.

நேரத்துக்கு வருவோம். மார்ஃபுக்குப் பவர்பாயிண்ட் தானாகக் கொடுக்கும் நேரம் 2 நொடி. ஏழு நிமிடப் படைப்பில் இருபது மாற்றங்கள் இருந்தால் 40 நொடி நகர்வைப் பார்ப்பதிலேயே போய்விடும். குறுகிய நகர்வுக்கு முக்கால் நொடியும் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒன்றேகால் நொடியும் நான் வைப்பது. தொடக்கத்திலும் முடிவிலும் வேகம் குறைந்து, நடுவில் கூடுவது இயல்பாகத் தெரியும். கேலிச்சித்திரப் படக் கலைஞர்கள் வெகுகாலமாகக் கடைப்பிடிக்கும் முறை இது. டிஸ்னி ஓவியர்களான பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய நூலில் பன்னிரண்டு அடிப்படை விதிகளுள் ஒன்றாக இதைக் குறிப்பிட்டார்கள். மார்ஃப் இல்லாத பழைய பதிப்பில் பாதை வரைந்து நகர்த்துவோர், அந்த அசைவின் அமைப்புக்குள் சென்று 'ஸ்மூத் ஸ்டார்ட்', 'ஸ்மூத் எண்ட்' இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். பாதையின் முடிவில் பொருள் எங்கே நின்றதோ, அடுத்த படவில்லையிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் வந்த வழியே ஒரு துள்ளல் துள்ளும்.

தமிழ் எழுத்துகளை நகர்த்துவோருக்குத் தனியாக ஒரு சொல். மார்ஃப் வரிகளை முழுப் பெட்டியாக, சொல் சொல்லாக, எழுத்து எழுத்தாக என மூன்று வகையில் நகர்த்தும். மூன்றாவதை விட்டுவிடுங்கள். 'கொ' நம் கண்ணுக்கு ஓரெழுத்து. யூனிகோடில் அது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். அந்தக் குறியும் திரையில் ககரத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்கும். இத்தகைய எழுத்துகளைத் தனித்தனியாகப் பறக்கவிட்டு வாசிக்கச் சொல்வது அவையோருக்குக் கொடுக்கும் தண்டனை. சொல் சொல்லாக நகர்த்தும்போது பெட்டியின் அகலத்தை மாற்றாதீர்கள். அகலம் மாறினால் வரி உடையும் இடமும் மாறி, சொற்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து ஓடும். எழுத்துருவும் அப்படித்தான். வீட்டில் ஓர் எழுத்துருவில் செய்துவிட்டு, அரங்கக் கணினியில் அது இல்லையென்றால் எல்லா வரிகளும் இடம்மாறும். அரங்கத்துக்கு முன்கூட்டியே போய்ப் பாருங்கள்.

நகர்வு திக்கித் திணறினால் பெரும்பாலும் படங்களின் கனம்தான் காரணம். கைப்பேசியில் எடுத்த படம் 4000 புள்ளி அகலம் இருக்கும். புரொஜெக்டர் காட்டுவது 1920, சில அரங்குகளில் 1024. படங்களைச் சுருக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். நிழல், ஒளிவட்டம் போன்ற அலங்காரங்களையும் எடுத்துவிடுங்கள்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

தமிழ் எழுத்தின் வரலாறு பற்றிப் பேரவை ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தியது. படவில்லைகள் என் பொறுப்பு. ககரத்தை எடுத்துக்கொண்டேன். பிராமியில் 'க' என்பது கூட்டல் குறிபோல ஒரு சிலுவைக் கோடு. அடுத்த படவில்லையில் வட்டெழுத்துக் ககரம், அதற்கடுத்து இன்றைய 'க'. மூன்றுக்கும் '!!க' என்று ஒரே பெயர். சிலுவை மெல்ல வளைந்து வட்டெழுத்தாகி, வட்டெழுத்து நெளிந்து நம் ககரமாகி நின்றது. அரங்கில் கைதட்டல், இம்முறை கணினி தட்டியதல்ல.

தேநீர் வேளையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். "தம்பி, வட்டெழுத்துதான் நம்ம எழுத்தா மாறிச்சுன்னு இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சே. ஞாயித்துக்கிழமை கோயில் வகுப்புப் பிள்ளைங்களுக்குச் சொல்லணும்" என்றார். எனக்கு ஒரே பெருமை. அவருக்குக் கோப்பை அனுப்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்ப்போம் என்று நூலகத்தில் கல்வெட்டியல் நூல்களைப் புரட்டியபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

பிராமியிலிருந்து வட்டெழுத்து வளர்ந்தது சரி. ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பூலாங்குறிச்சிக் கல்வெட்டில் அந்த மாற்றத்தைக் காணலாம். ஆனால் இன்றைய தமிழ் எழுத்து வட்டெழுத்தின் பிள்ளையன்று. அது பல்லவர் காலத்தில் உருப்பெற்று, சோழர் காலத்தில் பரவிய இன்னொரு கிளை. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் பாண்டிய நாட்டை வென்ற பிறகு, அங்கு வழக்கிலிருந்த வட்டெழுத்தின் இடத்தை அது படிப்படியாகப் பிடித்துக்கொண்டது. ஒன்று மற்றொன்றாக மாறவில்லை. ஒன்று வந்து மற்றொன்றை விலக்கியது.

எங்கள் பேச்சாளர் தவறாக எதுவும் சொல்லவில்லை. "முதலில் பிராமி, பிறகு வட்டெழுத்து, பிறகு இன்றைய எழுத்து" என்று வரிசையைத்தான் சொன்னார். "இதுவே அதுவாயிற்று" என்று சொன்னது என் மார்ஃப். ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து விளக்கினேன். வகுப்பு ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. "பேசுனவரு என்ன சொன்னாருன்னு எனக்கு ஞாபகமில்ல தம்பி. அந்த எழுத்து வளைஞ்சு வந்ததுதான் கண்ணுல நிக்குது" என்றார். கோபப்படவில்லை. அடுத்த வாரம் பிள்ளைகளிடம் திருத்திச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்தப் பொருளும் அந்தப் பொருளும் உண்மையில் ஒன்றா? ஆம் என்றால் மார்ஃப். 2006இல் டெட் மேடையில் ஹான்ஸ் ரோஸ்லிங் நாடுகளைக் குமிழிகளாக்கி, குடும்ப அளவும் ஆயுளும் ஆண்டுதோறும் மாறுவதை ஓடவிட்டார். அங்கே நகர்வு பொருந்தும். நகரும் குமிழி ஒவ்வோர் ஆண்டும் அதே நாடுதான். வேறு பொருள் என்றால் மங்கி மறைந்து தோன்றட்டும், அல்லது வெட்டென மாறட்டும்.

படவில்லைகளைத் திருத்தினேன். ஒரு பொருள் இரண்டாகப் பிரிவதை மார்ஃப் தானாகச் செய்யாது. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. முதல் படவில்லையிலேயே இரண்டு சிலுவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் துல்லியமாக அடுக்கி, '!!க1', '!!க2' என்று பெயரிட்டேன். பார்ப்பவருக்கு ஒன்றுதான் தெரியும். அடுத்த படவில்லையில் ஒன்று இடப்பக்கம் இறங்கி வட்டெழுத்தாகிறது. மற்றது வலப்பக்கம் இறங்கிப் பல்லவர் கால வடிவமாகிறது. மூன்றாவதில் வலப்பக்கத்து எழுத்து சோழர் கால வடிவத்துக்கு வந்து பெரிதாக, இடப்பக்கத்தை நீக்கிவிட்டேன். அது தானாக மங்கி மறைகிறது.

இதிலும் ஓர் உறுத்தல் மிச்சமிருந்தது. இரண்டு வடிவங்களுக்கு நடுவே திரையில் தோன்றும் உருவங்கள் எந்தக் கல்லிலும் இல்லை. அவை கணினி போட்ட கணக்கு. ஆகவே, கல்வெட்டில் கிடைக்கும் வடிவம் வரும்போதெல்லாம் நூற்றாண்டைக் கீழே எழுதி, படத்தை நிறுத்திவைக்கிறேன். இடைப்பட்ட நகர்வுக்கு முக்கால் நொடிக்கு மேல் கொடுப்பதில்லை.

கடைசிப் படவில்லை தும்பிக்கை 'லை'. நம் தாத்தா பாட்டி எழுதிய, முன்னால் கொம்பு வளைந்த அந்தப் பழைய எழுத்துக்கும் இன்றைய 'லை'க்கும் யூனிகோடில் ஒரே குறியீடு என்பதால், பழைய புத்தகத்தின் ஒரு பக்கத்தை வருடி, அதன்மேல் கோடு வரைந்து உருவாக்கினேன். இதைத்தான் முதலில் மிக அழகாக வளைத்திருந்தேன். தும்பிக்கை கழன்று நீண்டு ஐகாரக் குறியாகும். ஆனால் அப்படியா நடந்தது? பெரியார் 1935இலேயே குடி அரசு இதழில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு 1978இல் அதை ஏற்று ஆணையிட்டது. இடையில் தும்பிக்கை பாதி நீண்ட 'லை' என்று எதையும் யாரும் எழுதவில்லை. எனவே அந்த மார்ஃபை நீக்கிவிட்டேன். இரண்டு எழுத்துகளும் சற்று நேரம் அருகருகே நிற்கும். கிளிக் செய்தால் பழையது சட்டென மறையும். அசைவே இல்லாத அந்த இடத்தில்தான், அடுத்த முறை இதைக் காட்டியபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர்களிடமிருந்து "ஓ" என்று ஒரு குரல் எழுந்தது.

கோப்பு பேரவை அறைக் கணினியில் இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்துங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். மார்ஃப் இல்லாத பழைய பதிப்பில் அதைத் திறந்தால் எழுத்துகள் பிரிந்து நகரா, வெறுமனே மங்கி மாறும். அதனால் காணொளியாக மாற்றிய ஒரு படியையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.