ஏடுகள் போன மர்மம்!
துப்பறியும் கதை பிரியர்கள் படிக்க வேண்டியவை

சங்கரன்கோவிலில் இருந்து ராஜபாளையம் போகும் வழியில் இருக்கிறது, கரிவலம்வந்தநல்லூர். அங்கே உள்ள பால்வண்ணநாதர் கோவில் மிகப் பழமையானது.

அந்தக் கோவிலில் ஒரு மர்மம் நடந்தது. கொலை அல்ல. கொள்ளையும் அல்ல. ஒரு நூல் நிலையமே மறைந்து போய்விட்டது!

அதைத் துப்பறிய வந்தவர் போலீஸ் அதிகாரி அல்ல. தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாத ஐயர்!

வரதுங்கராம பாண்டியர் என்ற மன்னர், தாமே கவி பாடும் புலவர். "பிரமோத்தர காண்டம்" அவர் இயற்றிய நூல். அவர் சேர்த்து வைத்த ஏட்டுச்சுவடிகள், அவருக்குப் பிறகு கரிவலம்வந்தநல்லூர் கோவிலுக்கு வந்து சேர்ந்தன. இந்தச் செய்தி ஐயர் காதுக்கு எட்டியது.

ஐயர் அப்பொழுது பழைய தமிழ் நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்து கொண்டிருந்தார். மன்னர் சேர்த்த ஏடுகள் என்றால் கேட்க வேண்டுமா? எத்தனை அரிய நூல்கள் இருக்குமோ என்ற ஆசையோடு ஓடி வந்தார்.

கோவில் அதிகாரியைச் சந்தித்தார். ஏடுகள் எங்கே என்று கேட்டார். சரியான பதில் இல்லை. ஐயர் விடவில்லை. மேலும் மேலும் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாக உண்மை வெளியே வந்தது.

பழைய ஏடுகள் குப்பை கூளமாகக் கிடந்தனவாம். என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லையாம். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்று ஆகமத்தில் இருப்பதாக யாரோ சொன்னார்களாம். உடனே குழி வெட்டி, தீ வளர்த்து, அத்தனையையும் அதில் போட்டுவிட்டார்கள்!

குற்றவாளி யார்? யாரைப் பிடிப்பது? புண்ணியம் என்று நினைத்துச் செய்த காரியம் அது. கேட்ட ஐயரின் உள்ளம் பதறியது.

இந்தக் கதையை ஐயரே "என் சரித்திரம்" என்ற நூலில் எழுதியிருக்கிறார். 1940-ம் ஆண்டில் "ஆனந்த விகடன்" பத்திரிகையில் அது தொடராக வெளிவரத் தொடங்கியது. ஏடுகள் எரிந்து போனதை அவர் முதலிலேயே சொல்லிவிடுவது இல்லை. கோவில் அதிகாரியைப் பேச விடுகிறார். படிக்கிறவர் நெஞ்சு படபடக்கிறது. துப்பறியும் கதை பிடித்தவர்கள் முதலில் படிக்க வேண்டிய புத்தகம் இதுதான் என்றால் சிலர் சிரிக்கலாம். படித்த பிறகு சிரிக்க மாட்டார்கள்.

ஷெர்லக் ஹோம்சும் தானவனும்

ஏடுகளுக்கு நேர்ந்த கதி, பிற்காலத்தில் அச்சுப் புத்தகங்களுக்கும் நேர்ந்தது. முக்கியமாகத் துப்பறியும் நாவல்களுக்கு! மட்டமான காகிதம். மலிவு விலை. படித்து முடித்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போய், நிலக்கடலை பொட்டலமாகத் திரும்பி வந்தவை எத்தனையோ!

தமிழில் துப்பறியும் கதை நேற்று முளைத்தது அல்ல. இங்கிலாந்தில் கானன் டாயில் என்ற ஆசிரியர், தமது துப்பறியும் நிபுணர் ஷெர்லக் ஹோம்ஸ் அருவியில் விழுந்து மாண்டதாக 1893-ல் எழுதினார். வாசகர்கள் கொதித்து எழுந்தார்கள். மறு ஆண்டே, 1894-ல், தமிழில் "தானவன்" பிறந்துவிட்டான்! அவன் ஒரு போலீஸ் நிபுணன். அவனைப் படைத்தவர் பண்டித நடேச சாஸ்திரி. பாட்டிமார் சொல்லும் நாட்டுப்புறக் கதைகளைத் தேடிச் சேர்த்தவரும் அவரே. கதையைக் கேட்டுப் பழகிய காது, கதை எழுதவும் உதவியது போலும்.

பின்னர் வந்தவர்கள் என்ன படித்தார்கள்? ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில ஆசிரியரைப் படித்தார்கள். லண்டன் நகரத்து மர்மங்களை 1844-ம் ஆண்டு முதல் வாரா வாரம் எழுதி, ஒரு பென்னிக்கு விற்றவர் அவர். பெரிய புலவர்கள் அவரை மதிக்கவில்லை. கூலி வேலை செய்கிறவர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். ஆரணி குப்புசாமி முதலியார் அவருடைய கதைகளைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். துரைமார்கள் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு தமிழ் பேசினார்கள்!

வேலையை உதறியவர்

இவர்களில் தனித்து நிற்பவர் வடுவூர் துரைசாமி ஐயங்கார். தஞ்சைச் சீமையில் உள்ள வடுவூரில் 1880-ல் பிறந்தார். பட்டப் படிப்பு முடித்தார். சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. அந்தக் காலத்தில் சர்க்கார் உத்தியோகம் என்றால் கொடுத்து வைத்தவர் என்பார்கள். அவரோ கதை எழுதுவதற்காக அதை உதறினார்!

"மனோரஞ்சினி" என்ற பெயரில் நாவல்களை வெளியிட்டார். "மேனகா", "கும்பகோணம் வக்கீல்", "மதன கல்யாணி" என்று புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. அவருடைய துப்பறியும் வீரர் திகம்பர சாமியார். மாறுவேடத்தில் வந்து மர்மத்தை உடைப்பார்.

அந்த நாவல்களைப் பல வீடுகளில் ஒளித்து வைத்துத்தான் படித்தார்கள். பெரியவர்கள் கண்ணில் பட்டால் திட்டு விழும். (திட்டிய பெரியவர்களும் பிறகு எடுத்துப் படித்தது வேறு விஷயம்!) "மேனகா" 1935-ல் சினிமாவாக வந்தது. "திகம்பர சாமியார்" 1950-ல் படமானது. அதில் பல வேடங்களில் தோன்றிக் கலக்கியவர் எம்.என்.நம்பியார். ஐயங்கார் இதைப் பார்க்கவில்லை. 1942-லேயே காலமாகிவிட்டார்.

இன்று "மேனகா"வைப் படித்தால் வாக்கியங்கள் நீளமாக இருக்கும். ஒரே மூச்சில் படிக்க முடியாது. ஆனால் ஒரு மருமகள் புகுந்த வீட்டில் படும் பாடு, அந்தக் காலத்துக் குடும்பங்களின் பேச்சு, சூழ்ச்சி எல்லாம் அப்படியே கண் முன் வரும்.

அசட்டுத் துப்பறிவாளர்

வீட்டில் எல்லோரும் சேர்ந்து படிக்க ஒரு புத்தகம் வேண்டுமா? தேவன் எழுதிய "துப்பறியும் சாம்பு" இருக்கிறது. சாம்பு ஒரு பாங்கி குமாஸ்தா. மூளை மட்டு. ஏதோ உளறுவார். திருடன் தானாக வந்து மாட்டிக்கொள்வான்! 1942-ல் "ஆனந்த விகடன்" பத்திரிகையில் பிறந்த சாம்பு, இன்றும் சிரிக்க வைக்கிறார். தேவன் அந்தப் பத்திரிகையின் நிர்வாக ஆசிரியராக இருந்தவர். அலுவலக வேலைக்கு நடுவேதான் இத்தனையும் எழுதினார். 1957-ல் அவர் மறைந்தபோது வயது 43-தான்.

புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு ஏற்றவர், தமிழ்வாணன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமே அவருடைய விலாசம். "கல்கண்டு" ஆசிரியர். அவருடைய சங்கர்லால், சுடச்சுடத் தேநீர் குடித்துவிட்டு யோசிப்பார். சின்னச் சின்ன வாக்கியங்கள். நல்ல தமிழ். "துணிவே துணை" என்பது தமிழ்வாணனின் முழக்கம்.

பின்னர் மாத நாவல் காலம் வந்தது. பஸ் நிலையத்துப் பெட்டிக்கடைகளில் கயிற்றில் தொங்கிய புத்தகங்களை யார் மறக்க முடியும்? கோவை ராஜேஷ்குமாரின் முதல் சிறுகதை 1969-ல் வெளிவந்தது. அதன்பின் அவர் எழுதிய நாவல்கள் 1,500-க்கும் மேல்! கணக்குப் போட்டால் மாதத்துக்கு இரண்டுக்கும் அதிகம். படிக்கிறவருக்கு முடிவு கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். எழுதுகிறவருக்கோ பெரும்பாலும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். அதை மாதம் இரண்டு முறை யோசிப்பது என்றால் சும்மாவா?

காப்பாற்றிய ஓவியர்

பொட்டலமாகப் போகாமல் பிழைத்த பழைய நாவல்கள் எங்கே இருக்கின்றன?

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஓவியர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். பழைய புத்தகம் எதைக் கண்டாலும் விடமாட்டார். பெரிய இலக்கியமா, காலணா நாவலா என்று பேதம் பார்க்கவில்லை. பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகையைக்கூட எடுத்து வைத்தார். கரிவலம்வந்தநல்லூரில் குப்பை என்று எண்ணி நெருப்பில் இட்டார்களே, அத்தகைய "குப்பை"யைத்தான் இவர் ஆயுள் முழுவதும் சேர்த்தார்!

1992-ல் அவர் காலமானார். அவருடைய சேகரிப்பை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. ஆனால் புத்தகங்கள் கப்பல் ஏறவில்லை. சென்னையிலேயே 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கப்பட்டது.

மேல் அட்டை கிழிந்த பழைய நாவல் ஏதாவது உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், கடைக்காரரிடம் எடை போடுவதற்கு முன் ஆசிரியர் பெயரைப் பாருங்கள். அது வடுவூராரின் முதல் பதிப்பாக இருக்கலாம்.