பட்டறையிலும் நம் சொல் எடுபடட்டும்!

கோவையில் எங்கள் பகுதியில் தெருவுக்கு நாலு வீட்டில் லேத் சத்தம் கேட்கும். 1932-ல் பைக்காரா மின்சாரம் தொடங்கியபின் மில்கள் பெருகின. அவற்றுக்கு உதிரி பாகம் செய்யப் பட்டறைகளும் கூடின. பம்ப்செட் வேலையும் வளர்ந்தது. எங்கள் வீடும் அந்த வரிசைதான். முன்பக்கம் பத்துக்குப் பதினெட்டு அடியில் பட்டறை, பின்னால் குடித்தனம். என் கணவரும் கொழுந்தனாரும் பம்ப்செட் ஷாப்ட்டுகளைக் கூலிக்குக் கடைந்து கொடுக்கிறார்கள். பத்தாவது வரை படித்த எனக்கு மெஷின் ஓட்டத் தெரியாது. பட்டறையைப் பெருக்குவதும், கணக்கு எழுதுவதும் என் வேலை.

மெஷின்களை வாங்க வாங்க, காலியாக இருந்த இடத்தில் வைத்துக்கொண்டே போனார்கள். டிரில்லிங் மெஷின் நடைவழி ஓரத்தில் நின்றது. ஒருநாள் பள்ளி விட்டு வந்த என் மகளின் துப்பட்டா, சுற்றிக்கொண்டிருந்த ஸ்பிண்டில் பக்கம் பறந்தது. கணவர் பாய்ந்து அவளை இழுத்துவிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

"ஏனுங்க, மெஷினை எல்லாம் இடம் மாத்தோணுமுங்க" என்றேன். "பட்டறை சமாச்சாரம் உனக்கென்ன புள்ள தெரியும்?" என்று சிரித்தார். "அரிசி கழுவுற இடம் ஒரு மூலை, அடுப்பு ஒரு மூலைன்னு இருந்தா எனக்குக் கால் வலிக்கும். உங்களுக்கு வலிக்காதாக்கும்?" என்றேன். யோசித்துப் பார்த்துச் சம்மதித்தார்.

இரும்பு ராடு வாசல் வழியாக வருகிறது. அதை அறுத்து, கடைந்து, துளை போட்டு, பிசிர் தட்டி, அளந்து, மறுபடி வாசலுக்கே அனுப்ப வேண்டும். அந்த வரிசையிலேயே மெஷின்களை வைத்தோம். ராடு அறுக்கும் ஹாக்சா மெஷின் வாசலருகே. அடுத்து ஆறடி லேத். பின்புறம் சுருள் வார ஆள் நுழையும் அளவு இடைவெளி; சக் இருக்கும் பக்கம் நீள ராடு சொருகவும் இடம். டிரில்லிங் மெஷினை நடைவழியை விட்டுத் தள்ளி, நீளமான பட்டை வைத்தாலும் இடிக்காதபடி உள்ளே வைத்தோம். வைஸ் மாட்டிய பெஞ்சு ஜன்னலோரம். வைஸின் மேல்பகுதி முழங்கை உயரத்தில் இருந்தால் அரம் போடும்போது முதுகு வளையாது.

கிரைண்டர் மட்டும் எல்லாவற்றுக்கும் தூரத்தில், தனி மூலையில். அதன் கல்தூள் லேத் பெட்டில் விழுந்தால் எண்ணெயோடு சேர்ந்து அரைத்தே தேய்த்துவிடுமாம். மெயின் சுவிட்ச் யாரும் எட்டிப் பிடிக்கும் இடத்தில்.

வெளிச்சத்தையும் கவனிக்க வேண்டும். சோக் போட்ட பழைய டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மங்கி எரியும். சில வேகங்களில் சுற்றுகிற சக் நிற்பதுபோலவே தெரியும். கை வைத்தால் என்ன ஆகும்! அதனால் லேத்துக்கு மேலே நடுங்காத நல்ல எல்.இ.டி. விளக்கு மாட்டினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் கடப்பாரையால் நெம்பி, அடியில் பைப் கொடுத்து லேத்தை உருட்டினார்கள். இடம் மாற்றியதும் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். மட்டம் தவறி பெட் முறுக்கிக்கொண்டால் ஷாப்ட் ஒரு முனை பருத்து, ஒரு முனை சிறுத்து வரும். செலவு டீ, சாப்பாடு, கூலியோடு சரி.

நடைவழியைத் தனியாக விட்டு, தரையில் மஞ்சள் கோடு போட்டோம். கோட்டைத் தாண்டினால் சேலைத் தலைப்பைச் சொருக வேண்டும், தலைமுடியை முடிந்துகொள்ள வேண்டும், வளையல் கூடாது. இது எனக்கும் என் மகளுக்கும் சட்டம். மெஷின் ஓட்டுபவருக்குக் கையுறை கூடாது, முழுக்கைச் சட்டையை மடித்துவிட வேண்டும். இது அவர்களுக்குச் சட்டம்!

இப்போது மாலையில் கணவர் "கால் வலி" என்று சொல்வது குறைந்திருக்கிறது. மகள் பள்ளி விட்டு வரும் நேரம் என் நெஞ்சு படபடப்பதும் இல்லை.

வீட்டோடு பட்டறை வைத்திருக்கும் சகோதரிகளே, "நமக்கென்ன தெரியும்" என்று ஒதுங்காதீர்கள். அந்த வழியில் தினமும் நடப்பது நாமும் நம் பிள்ளைகளும்தானே!

- ஒரு வாசகி, கோவை.